வெண்டைக்காயின் நுனி

துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்கு விஷம் ஒரு பெரிய சௌகரியம். முதல் அத்தியாயத்தில் அதைப் பாலில் கலந்துவிட்டால் போதும். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் ரசாயனப் பரிசோதகர் ஒருவர் கண்ணாடிக் குழாயும் கையுமாக வந்து, அது இன்ன விஷம் என்று சொல்லிவிடுவார். நடுவில் இருநூறு பக்கம் ஓட்டிவிடலாம். கதையில் இது நியாயந்தான். ஆனால் வாழ்க்கையிலும் அந்த மனிதர் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில்தான் வந்து சேருகிறார் என்பதுதான் என் கவலை.

சென்னையில் 1849-ஆம் வருஷத்திலேயே அரசாங்க ரசாயனப் பரிசோதகர் என்று ஓர் உத்தியோகம் ஏற்பட்டுவிட்டது. இறந்தவர் வயிற்றில் இருந்த விஷம் எது என்று கண்டு சொல்ல அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. ஆள் போன பிறகுதான் கேள்வியே பிறக்கும். 1958-ல் பம்பாயிலிருந்து கேரளத்துக்கு வந்த ஒரு கப்பலில் கோதுமையும், பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் சேர்ந்து பிரயாணம் செய்தன. மருந்து தானியத்தில் கசிந்தது. அந்த மாவில் செய்த பண்டங்களைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1968-ல், பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 2013 ஜூலை மாதம் பீகாரில் சாரண் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தபோதும் ஆய்வுக்கூடம் சரியான பதிலைத்தான் சொன்னது: உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். பதிலில் பிழை இல்லை. கேட்க வேண்டிய குழந்தைகள்தாம் இல்லை.

இவை பெரிய விபத்துகள். நம் வீட்டுக் கூடையில் வருகிற காய்கறியில் இருக்கக்கூடியது இவ்வளவு பயங்கரமானது அல்ல. அணுவளவாக, ஆனால் நாள்தோறும் வருகிற விஷயம். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு வெகு நாளாக ஆசை. கோயமுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சிநேகிதர் ஒருவர் என்னை அழைத்துப் போய்க் காட்டினார்.

வெண்டைக்காயை அரிந்து கூழாக அரைக்கிறார்கள். அதில் பத்துக் கிராம் எடுத்து, ஒரு திரவத்தையும் இரண்டு வகை உப்பையும் சேர்த்து ஒரு நிமிஷம் குலுக்கி, வேகமாகச் சுழற்றுகிறார்கள். பச்சையும் பசையும் அடியில் தங்க, மருந்து மேலே திரவத்தில் நிற்கிறது. 2003-ல் பிரசுரமான முறை இது. குறைந்த செலவில், சீக்கிரமாகச் செய்யக்கூடியது என்று அதன் பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். செலவெல்லாம் அடுத்த அறையில் இருக்கிறது. கோடி ரூபாய்க் கணக்கில் விலையுள்ள அந்த இயந்திரம் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே பிரித்து, அதன் மூலக்கூறை எடை போட்டு, உடைத்து, துண்டுகளையும் எடை போட்டுப் பார்க்கிறது. அடகுக்கடைக்காரர்கூட நகையை அவ்வளவு சந்தேகிக்க மாட்டார்! தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பாவில் பொதுவாக விதித்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, பத்து டன் ஏற்றிய லாரிகள் பத்து வரிசையாக நின்றால், அத்தனை காய்க்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம்.

"அப்படியானால் இதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது, இல்லையா?" என்றேன்.

"நாம் எதைத் தேடச் சொல்கிறோமோ அது தப்பாது. பட்டியலில் இல்லாததைத் திரும்பியும் பாராது. அதனால்தான் நாங்கள் 'இல்லை' என்று எழுதுவதில்லை. 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுகிறோம்" என்றார் சிநேகிதர்.

அந்த ஒரு வார்த்தையின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது வெறும் வார்த்தை நயம் அல்ல என்பதற்கு அவர் ஒரு சம்பவமும் சொன்னார். 2010-ல் நம் நாட்டுத் திராட்சை ஐரோப்பாவில் போய் இறங்கியபோது, அதில் குளோர்மெகுவாட் என்ற ரசாயனம் இருப்பதாக அங்கே பிடித்துவிட்டார்கள். இங்கே நம்மவர்கள் சோதிக்கும் பட்டியலில் அது இல்லை. கேட்காத கேள்விக்கு இயந்திரம் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழம் பழமாகத் திருப்பப்பட்டது. பிறகு பட்டியல் திருத்தப்பட்டது.

அந்தத் திராட்சைக்கு இருக்கும் மரியாதையைக் கேளுங்கள். ஏற்றுமதிக்கென்று பதிவு செய்த தோட்டத்தில், பழம் கொடியில் இருக்கும்போதே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். தேறினால்தான் அது கப்பலேறலாம். நம் ஊர்ச் சந்தையிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். 2005-லிருந்து மத்திய அரசாங்கத்தின் திட்டமே இருக்கிறது. ஆனால் சந்தையில் எடுத்த மாதிரிக்கு முடிவு வருவதற்குள், அதன் உடன்பிறந்த கத்தரிக்காய்கள் எண்ணெய்க் கறியாகி, ஏப்பமுமாகிவிடுகின்றன. கப்பலில் இடம் கிடைக்காத பழத்துக்கு நம் வீட்டுக் கூடையிலும் இடம் கிடைக்காது என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

ஏன் இந்தப் பேதம்? வெள்ளைக்காரன் வயிறு உசத்தி, நம் வயிறு மட்டம் என்று கோபப்படலாம். கோபம் சுலபம். ஆனால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி எனக்கு வேறு கணக்குச் சொன்னார். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அந்த நாட்களில் வெயிலும் செடியுமாகச் சேர்ந்து மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். "ஆனா வெண்டைக்காய ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சாகணுமுங்க. காத்திருந்தா முத்திப் போயிரும். முத்தின காயை நீங்க வாங்குவீங்களா? நுனியை ஒடிச்சுப் பார்த்துட்டுப் போட்டுட்டுப் போயிருவீங்களே!" என்றார்.

வாஸ்தவம். நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் ஆய்வுக்கூடம். கத்தரிக்காயில் ஓட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது இன்னொன்று. இந்தச் சோதனைகளில் தேறுவதற்காகத்தான் அந்த மனிதர் மருந்தும் அடிக்கிறார், அவசரமாகப் பறிக்கவும் செய்கிறார். வாங்குகிறவன் எதைக் கேட்கிறானோ அதுதான் வயலில் விளைகிறது. ஐரோப்பியன் மருந்தைப் பற்றிக் கேட்டான். அவனுக்கு அதற்குப் பதில் கிடைத்தது. நாம் பிஞ்சா என்று கேட்டோம். நமக்குப் பிஞ்சு கிடைத்தது.

மார்க்கெட்டில் காய்கறிக்கார அம்மாளிடம், "மருந்து எப்போது அடித்தார்கள் அம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். "லாரியில வருது, விக்கிறேன். அது எங்க விளைஞ்சதுன்னே எனக்குத் தெரியாது சாமி" என்று சிரித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கையலம்பத் தெரிந்த நமக்குக் காயலம்பவும் தெரியும். அதனால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு போகும். செடிக்குள்ளே ஊடுருவும் மருந்து அலம்பலுக்கு அசையாது. அதற்காகக் காய்கறியை விட்டுவிட்டு அப்பளத்தோடு சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கேள்வியை லாரி வந்து நிற்கிற இடத்தில் கேட்க வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. தைவான் தேசத்தில் 1980-களில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண வீட்டு ஈயிலிருந்து ஒரு நொதியை எடுத்து, அதில் காயின் சாற்றைச் சேர்க்கிறார்கள். பூச்சிமருந்து இருந்தால் நொதி வேலை செய்யாமல் முடங்கிப் போகும். சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். எல்லா மருந்தையும் அது காட்டிக் கொடுக்காது. இரண்டு முக்கியமான வகைகளைத்தான் காட்டும். சந்தேகப்பட்டதைப் பெரிய இயந்திரத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம். மொத்தச் சந்தையில், காய் கைமாறுவதற்கு முன்பே இந்தச் சோதனையை அவர்கள் நடத்தினார்கள்.

கோடி ரூபாய் இயந்திரம் கடைசியில் வந்து சொல்வதை, ஓர் ஈ முதல் அத்தியாயத்திலேயே அரைகுறையாகவாவது சொல்லிவிடுகிறது. நம் ஊர் மொத்தச் சந்தைகளில் ஈக்களுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. கேட்கிறவர்கள்தாம் வேண்டும்.