பசிக்கலடா

கணையப் புற்றுநோய் என்று தெரிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பா ரசஞ்சாதம்கூட இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். "இன்னும் ஒரு வாய்ப்பா" என்று கெஞ்சலில் ஆரம்பிப்பேன். கடைசியில் குரல் உயர்ந்துவிடும். "சாப்பிடாம இருந்தா எப்படிப்பா தெம்பு வரும்? நீங்கதான் மனசு வைக்கணும்." அவர் தட்டைப் பார்த்தபடியே சொல்வார்: "பசிக்கலடா. பசிச்சா சாப்பிட மாட்டேனா?"

பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். அவர் போன பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் ஏறி, மூளையிடம் பசியைச் சொல்வது இதன் வேலை. புற்றுநோயில் தசையும் எடையும் கரைந்துபோகும் நிலைக்கு கேக்கெக்சியா என்று பெயர். அந்த நிலையில் கிரெலின் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பல நோயாளிகளுக்கு அது கூடுதலாகவே இருக்கிறது. வயிறு கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது, மூளைக்குக் கேட்பதில்லை. உடலெங்கும் பரவும் அழற்சி அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் வேறு மூளைத்தண்டைத் தொட்டு, குமட்டலையும் சாப்பாட்டின் மீது வெறுப்பையும் கொண்டுவருகிறது.

என் வேலையில் இது அடிக்கடி நடப்பதுதான். அனுப்பிய பக்கம் லாக் சுத்தமாக இருக்கும், வாங்கும் பக்கம் ஒன்றுமே வந்திருக்காது. அங்கே யாரும் அனுப்பியவனைப் பார்த்து "மனசு வை" என்று சொல்வதில்லை.

மருந்து இல்லாமல் இல்லை. கிரெலின் மாதிரியே செயல்படும் அனமோரெலின் மாத்திரைக்கு ஜப்பான் 2021இல் அனுமதி கொடுத்தது. ஐரோப்பா 2017இலேயே மறுத்திருந்தது. சோதனைகளில் உடம்பின் கொழுப்பில்லாத எடை கூடியது, கைப்பிடியின் வலு கூடவில்லை. ஜிடிஎஃப்-15ஐத் தடுக்கும் பொன்செக்ரோமாப் 2024இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் எடையைக் கூட்டியது. அது இன்னும் முழு விடை ஆகவில்லை. சோற்றை அள்ளிப் போடுவதால் மட்டும் கரையும் தசையை நிறுத்த முடியாது என்பது மட்டும் தெளிவு.

இப்போது யாராவது "அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறாங்க" என்று போன் செய்தால், பசியின்மையை டாக்டரிடம் தனியாக, ஒரு நோய்க்குறியாகச் சொல்லச் சொல்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, அவங்க கேட்கும்போது கொடுங்கள், தட்டை வைத்துச் சண்டை போடாதீர்கள் என்கிறேன்.

அப்பா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதே ஒரு வார்த்தையை, தினமும் மூன்று வேளை.