கேசினோ இல்லாத விடுதி

சென்ற மாதம் பணஜியில் ஒரு கருத்தரங்கு. நான்கு மாதங்களாக ஆய்வு உதவித்தொகை வந்திராத எனக்கு, ஏற்பாட்டாளர்கள் ஐந்து நட்சத்திர விடுதியொன்றில் இரண்டு இரவுகள் தங்க அறை அளித்தனர்.

வரவேற்பறையில் எனக்கு முன் நின்றவர், "கேசினோ எந்தத் தளத்தில்?" என வினவினார். இங்கு இல்லை என்றதும் அவர் முகம் வாடியது. கோவாவின் ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களுக்கு 1992ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளித்தது. இன்று மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்களே நிற்கின்றன. ஆகவே அவருடைய எதிர்பார்ப்பு விந்தையன்று.

மறுநாள் காலை, விடுதி மாணவனின் பழக்கத்தில் படுக்கையை நானே சீராக்கி வைத்தேன். அறையைத் துப்புரவு செய்ய வந்த அம்மையார் பதறினார்.

"நீங்களே செய்துவிட்டால் மேற்பார்வையாளர் என்னைக் கேட்பார், சார்" என்றார் இந்தியில்.

"மன்னியுங்கள், தீதி" என்றேன். பேச்சு வளர்ந்தது. முன்பு அவர் பணியாற்றிய விடுதியில் கேசினோ உண்டாம்.

"வென்றவர் ஐந்நூறு ரூபாயை வீசுவார், தோற்றவர் கதவையே திறக்கமாட்டார். இங்கே ஐம்பதுதான். ஆனால் காலையில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்."

விருந்தினர் அனுபவத்தை அறிய எத்தனையோ மதிப்பீட்டுப் படிவங்கள் உள்ளன. விருந்தினரை அனுபவிப்போரிடம் எவரும் படிவம் நீட்டுவதில்லை.

புறப்பட்ட நாளில் படுக்கையைக் கலைந்தபடியே விட்டேன். தலையணையருகே ஐம்பது ரூபாய் வைத்தேன். பணப்பையை இருமுறை எண்ணிப் பார்த்த பின்னரே வைத்தேன் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.