குழந்தையின் சுவர்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் குழந்தைகளுக்கெனத் தனிப் படுக்கையறை கட்டும் வழக்கமில்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு உரியவை; பிள்ளைகள் பாட்டியின் அருகே வரிசையாகப் படுத்துறங்கினர். சுவரோவியங்களும் பெரும்பாலும் கைக்கெட்டாத உயரத்திலேயே இருந்தன. குழந்தைக்கென ஓர் அறையும் அதில் ஓர் ஓவியச் சுவரும் வேண்டுமென்பது இன்றைய தலைமுறையின் விருப்பம். அவ்விருப்பமே, நகரத்தார் கோவில்கள் ஒன்பதனுள் ஒன்று அமைந்த இளையாத்தங்குடிக்கு ஒரு கோடையில் என்னை அழைத்துச் சென்றது.

வீட்டார் காட்டிய சுவரைத் தொட்டதும் கை தயங்கியது. நன்கு அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெண்கரு கலந்து, பல பூச்சாகப் பூசி, பளிங்கெனத் தேய்த்த சுவர் அது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. இன்றைய அக்ரிலிக் வண்ணமோ படலமாகப் படிந்து அவ்வழியை அடைத்துவிடும். நாளடைவில் வண்ணம் கொப்பளித்து, பழம்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு உரியும். தஞ்சைப் பெரியகோவிலில் சோழர் ஓவியங்களின்மேல் நாயக்கர் காலத்தில் மீண்டும் தீட்டினர். அடியில் மறைந்திருந்தவற்றை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். எல்லாச் சுவருக்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. “இதில் தீட்ட மாட்டேன்” என்றேன். வீட்டின் மூத்த ஆச்சி முகத்தில் நிம்மதி தெரிந்தது. அறையைப் பிரிக்கப் பின்னாளில் எழுப்பிய சிமெண்டுச் சுவரே போதுமென முடிவாயிற்று.

எதைத் தீட்டுவது? தந்தையார் கைப்பேசியில் வெளிநாட்டுக் கரடியொன்றைக் காட்டினார். ஏழு வயது மகளோ, “ஊருணி வேண்டும், அதில் மீன் வேண்டும்” என்றாள். எனக்குச் சித்தன்னவாசல் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் அவ்வோவியக் குளத்தில் தாமரையும் மீனும் யானையும் எருமையும் நெருங்கிக் கலந்திருக்கின்றன. அண்மை, சேய்மை என்னும் கணக்கு அங்கில்லை. குழந்தைகளும் அப்படித்தான் வரைகிறார்கள்.

கட்டிலில் படுத்துப் பார்த்தே தாமரைகளுக்கு இடம் குறித்தேன். நின்று பார்ப்பவருக்காகத் தீட்டினால் அது வரவேற்பறை ஓவியமாகிவிடும். அரையிருளில் மிரட்டும் பெருவிழி உருவங்களைத் தவிர்த்தேன். தரையிலிருந்து மூன்றடிவரை வெறும் நீல நீர், மீன் ஒன்றுமில்லை.

“மீன் எங்கே?” என்று கேட்டாள் சிறுமி. வண்ணச் சாக்பீஸ்களை அவள் கையில் கொடுத்தேன். மாலைக்குள் பதினொரு மீன்கள் நீந்தின. ஒன்றுக்குக் கால்கள் இருந்தன. தந்தையார் அதைத் துடைத்துவிட ஈரத்துணியோடு வந்தார். ஆச்சி அத்துணியை வாங்கி வைத்துக்கொண்டார்.