சத்திரசிகிச்சை வெற்றி என்றால்...

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் கடமையாற்றிய காலத்தில் "சத்திரசிகிச்சை வெற்றி" என்ற தலைப்பைப் பல செய்திகளுக்கு நானே இட்டிருக்கிறேன். நோயாளி சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து உயிருடன் வெளியே வந்துவிட்டால் செய்தி முடிந்தது என்பதே எமது கணக்கு. அது எத்தனை அவசரமான கணக்கு என்பதை இலண்டனில் வாழும் நண்பர் ஒருவரின் 14 வயது மகன் எனக்கு உணர்த்தினான்.

அவனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். தசைக்கலங்களைப் பாதுகாக்கும் டிஸ்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாமையால் வரும் இந்நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்குகிறது. நடக்கும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தபின் பலருக்கு முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைகிறது. உட்காருவதே வேதனையாகிறது. ஆகவே, நெஞ்சின் மேற்பகுதி தொடங்கி இடுப்பென்பு வரை உலோகத் தண்டுகளைப் பொருத்தி நிமிர்த்துகிறார்கள்.

உண்மையான சோதனை அதன் பின்னரே ஆரம்பமாகிறது. மயக்கமருந்தும் வலியும் ஏற்கெனவே தளர்ந்த சுவாசத் தசைகளை மேலும் தளர்த்துகின்றன. இருமி வெளியேற்ற முடியாத சளி நியூமோனியாவாக மாறலாம். மூச்சுத் திணறுகிறதென்று ஒட்சிசனை மட்டும் கொடுத்தால், காபனீரொட்சைட்டு இரத்தத்தில் சேர்வது வெளியே தெரியாமற் போகும். முகமூடி வழியாகச் சுவாசத்துக்கு உதவும் இயந்திரமும் இருமலுக்கு உதவும் இயந்திரமும் இதனாற்றான் தேவைப்படுகின்றன. அவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பிள்ளைக்குப் பழக்கிவிடுவது நல்லது.

இதயமும் தசையே என்பதால் அதையும் நோய் விட்டுவைப்பதில்லை. இச்சிறுவர்களுக்கு இரத்த இழப்பும் அதிகம். சக்ஸமெதோனியம் என்ற தசைத்தளர்த்தி மருந்து இவர்களின் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நீண்டகாலம் ஸ்ரெரொயிட் எடுத்த பிள்ளைக்கு அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. காயத்தில் கிருமித் தொற்று ஏற்படலாம், குடலியக்கம் மந்தமாகலாம்.

நண்பரின் மகன் இவை யாவற்றையும் தாண்டி வீடு திரும்பினான். நான் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"அண்ணை, பிள்ளைக்கு இப்ப தன்ர கையால சாப்பிட ஏலாது. இதை ஒருத்தரும் முதலே எங்களுக்குச் சொல்லேல்லை."

காரணம் எளிமையானது. கையை உயர்த்தும் வலு அவனிடம் முன்பே இல்லை. உடலை வளைத்து, தலையைக் கோப்பையருகே கொண்டுவந்தே அவன் இதுவரை உண்டான். நிமிர்ந்த முதுகு இப்போது வளையாது. வாய் உயரத்துக்குப் போய்விட்டது, கை கீழேயே நின்றுவிட்டது.

பின்னர் மேசையை உயர்த்தினார்கள். கையைத் தாங்கும் கருவியும் நீண்ட பிடியுள்ள கரண்டியும் வந்தன. சில மாதங்களில் அவன் மீண்டும் தானாக உண்ணத் தொடங்கினான். வலியின்றி முழு கிரிக்கெட் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிறான். சத்திரசிகிச்சை செய்தது சரிதான் என்று அவனே சொல்கிறான்.

ஆயினும் பெற்றோருக்கு ஒன்று கூறுவேன். சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், உயிராபத்தைப் பற்றி மட்டுமன்றி, "வீட்டுக்கு வந்த பின் என் பிள்ளையால் எதைச் செய்ய முடியாமற் போகும்?" என்றும் வைத்தியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டே கேளுங்கள். முதுகு அவனுடையது.