வைகையில் தண்ணீர் வேண்டாம்

ஏப்ரல் 26, 2025, சனி

ஆண்டுத் தேர்வு முடிந்து அண்ணன் மகள் மதுரை செல்லூருக்கு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக மைன்கிராப்ட் பேச்சு. "அதுல மாட் போடணும் அத்தை. ஃபோன்ல வரமாட்டேங்குது." மாட் என்றால் ஆட்டத்தை மாற்ற மற்றவர்கள் எழுதும் துணை நிரல். ஃபோனில் ஓடுவது பெட்ராக் பதிப்பு, அதில் ஏறுபவை ஆட்-ஆன்கள். அவள் தோழிகள் வீடியோவில் பார்த்து வாய் பிளக்கும் பெரிய மாட்களில் பெரும்பாலானவை கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு எழுதப்பட்டவை. அதிலும் ஃபோர்ஜ், ஃபேப்ரிக் என்று முகாம்கள் உண்டு. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் அப்படியே ஏறாது. ஆட்டத்தின் பதிப்பு எண்ணும் மாட் கேட்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கணினியில் உள்ள ஜாவாவும் பொருந்த வேண்டும், 1.20.5 முதல் ஜாவா 21 கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

வீட்டில் இருப்பதோ பெரியவன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். 2011-இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்பகால மிஷின். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். நினைவகம் 2 ஜி.பி.தான். மைன்கிராப்டை அதில் ஏற்றுவது அந்த மிஷினுக்குச் செய்யும் பாவம். ஓசியில் கிடைக்கிற இடத்தில் இறக்கலாம் என்றாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓசியை விடுங்கள், 2023 ஜூனில் பெயர் பெற்ற மாட் தளங்களிலேயே ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் சில மாட்களுக்குள் புகுந்து, உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் வரை திருடியது. ஜாவாவில் எழுதிய மாட் ஒரு முழு நிரல். உள்ளே விட்டால் அது நம் கணினியில் எதையும் தொடலாம். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பழைய லேப்டாப்பைத் துடைத்து, எடை குறைந்த ஒரு லினக்ஸை ஏற்றி, அதில் மைன்கிராப்ட் போலவே பிளாக் அடுக்கும் லுவாண்டியைப் போட்டேன். பெர்ட்டு அஹோலா என்ற பின்லாந்துக்காரர் 2010-இல் மைன்டெஸ்ட் என்று தொடங்கியது. 2024 அக்டோபரில்தான் இந்தப் புதுப் பெயர். காசு இல்லை, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. எஞ்சின் மட்டும் சி பிளஸ் பிளஸில். கண்ணுக்குத் தெரிகிற மண், மரம், கோடரி, கதவு எல்லாமே லுவா மொழியில் எழுதிய மாட்கள்தான். மைன்கிராப்டில் மாட் என்பது ஆட்டத்தின் மேல் ஒட்டுவது. இங்கே மாட்களைக் கழித்துவிட்டால் ஆட்டமே மிஞ்சாது. மாட் தனக்கு விட்ட கோப்புறைகளைத் தாண்டிக் கை நீட்டாதபடி ஒரு தடுப்பும் முதலிலேயே போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி.

திறந்து பார்த்து அவள் முகம் சுருங்கிவிட்டது. வெறும் கூடு. 2023 டிசம்பரில் வந்த 5.8 பதிப்பிலிருந்து ஆட்டம் எதுவும் கூடவே வருவதில்லை. உள்ளேயே இருக்கும் கிடங்கில் பிடித்ததை நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். மைன்டெஸ்ட் கேம் என்ற ஆட்டம் போதும் என்று எடுத்தோம். பார்வைத் தூரத்தைக் குறைத்து, நிழலையும் மேகத்தையும் நிறுத்தியதும் ஓட ஆரம்பித்தது.

ஏப்ரல் 30, புதன்

மாட் ஏற்றுவது சுலபம், ஏறாதபோது என்ன செய்வது என்பதுதான் பாடம். கிடங்கிலிருந்து இறக்கினால் அது நம்பியிருக்கும் மற்ற மாட்களையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறது. இறக்கினால் மட்டும் போதாது. எந்த உலகத்தில் வேண்டுமோ அந்த உலகத்தின் பட்டியலில் டிக் செய்ய வேண்டும். ஜிப் கோப்பாக வெளியிலிருந்து எடுத்தால் கோப்புறைப் பெயரின் வாலில் 'மாஸ்டர்' என்றோ 'மெயின்' என்றோ ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய மாட்கள் சிலவற்றில் பெயர் சொல்லும் மாட்.கான்ஃப் கோப்பு இருக்காது, கோப்புறையின் பெயரே மாட் பெயர். வாலை வெட்டினால்தான் ஏறும்.

சிவப்புப் பிழைச் செய்தி வந்தாலே அவள் மூடிவிடுகிறாள். பள்ளியில் என் மாணவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கோப்பின் பெயர், அதன் பக்கத்தில் வரி எண், இந்த இரண்டை மட்டும் முதலில் தேடு என்றேன். சாயங்காலத்துக்குள் ஒரு விடுபட்ட கமாவைத் தானே கண்டுபிடித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுடையது பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா. மலேயோ என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஃபோன் ஆட்டம். தமிழ்நாட்டுப் பையன்கள் அதில் நம்மூர் அரசு பஸ், தனியார் பஸ் எல்லாவற்றையும் மாட்களாக இறக்கி ஓட்டுகிறார்கள். மாட்டுத்தாவணி போர்டு மாட்டிய பஸ் ஜாவாத் தீவுச் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. பஸ்ஸின் வண்ணம், ஹாரன், பக்கவாட்டு எழுத்து வரை அச்சு அசல். நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் மட்டும் இந்தோனேஷியர்கள். நல்ல வேடிக்கைதான், ஆனால் சட்டை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

மே 3, சனி

மதுரையைக் கட்டப்போகிறாளாம். முதலில் இடம் போதுமா என்று கணக்குப் போட வைத்தேன். இங்கே ஒரு பிளாக் ஒரு மீட்டர். உலகம் நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 31,000 பிளாக், அதாவது 31 கிலோமீட்டர். மீனாட்சி கோயிலை நடுவில் வைத்தால் அழகர்கோவில், திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி எல்லாம் உள்ளே. நத்தமும் உசிலம்பட்டியும் வெளியே. "எங்க அம்மாச்சி ஊரு வெளியவா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். உசிலம்பட்டிக்குத் தனி உலகம் போட்டுக்கொள் என்று சொல்லி அடக்கினேன்.

தெற்குக் கோபுரம் 170 அடி. 52 பிளாக் உயரம். நகரம் என்னவோ இந்த ஆட்டத்துக்கென்றே வரைந்தது போலச் சதுரத்துக்குள் சதுரம்: ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. வெளி வீதிகள் மட்டும் பின்னால் வந்தவை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி, அந்தக் கல்லையும் மண்ணையும் கொண்டே அகழியைத் தூர்க்க வைத்தார். அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. மாரட் அளவைக்காரர், பெருமாள் மேஸ்திரி வேலையை முன்னின்று நடத்தியவர். விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக நிற்பது. "சுவர ஒடைச்சு அகழியில போட்டாங்களா? நானும் அதத்தான செய்யுறேன்" என்றாள். உண்மைதான். முதலில் கோட்டையைக் கட்டிவிட்டுப் பிறகு இடிப்பது என்று முடிவாகியிருக்கிறது.

மே 6, செவ்வாய்

கோட்டை பாதியில் நிற்கிறது. காரணம் மல்லி.

காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட வந்தாள். சித்திரைத் திருவிழா நேரம், விலை கேட்கவே பயமாக இருந்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வகுப்பில் படித்திருக்கிறாள். மொட்டாக இருக்கும்போதுதான் விலை என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டாள். விடியும் முன் பறித்தாக வேண்டும். செடியிலேயே விட்டால் அந்திக்கு மேல் விரிந்துவிடும், விரிந்ததை யார் வாங்குவார்கள்?

கிடங்கில் பூச்செடி மாட்கள் ஏராளம். எல்லாம் அழகாக நிற்கும், எப்போது பறித்தாலும் ஒன்றுதான். அவற்றில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுடையதை எழுதினோம். பதினாறுக்குப் பதினாறு புள்ளியில் மூன்று படம் வரைந்தாள்: வெறும் செடி, மொட்டு வைத்த செடி, விரிந்த செடி. ஒவ்வொன்றும் ஒரு பிளாக். செடி வகை என்று குறிப்பிட்டால் ஒரே படத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி எஞ்சினே செடியாகக் காட்டிவிடுகிறது.

நேரத்தை ஆட்டம் 0 முதல் 1 வரை எண்ணுகிறது. நள்ளிரவு 0, உச்சி 0.5. எதையும் மாற்றாவிட்டால் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 20 நிமிடம். 0.2 முதல் 0.3 வரை, அதாவது ஐந்து மணிக்குச் சற்று முன்னிருந்து ஏழுக்குச் சற்றுப் பின்வரை பறித்தால் முழு மொட்டு, அதற்குப் பிறகு பாதி, 0.75 தாண்டினால் பூ விரிந்துவிடும், கையில் ஒன்றும் வராது. பறிக்கக் கிடைப்பது நிஜத்தில் இரண்டே நிமிடம். தோட்டத்தில் ஓடி ஓடிப் பறித்தாள், பாதிச் செடி மிச்சம். "இவ்வளவு அவசரமா அத்தை?" என்றாள். நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். நீதான் எழுதினாய், நீயே மாற்று என்றேன். மாற்றவில்லை. செடியின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாள்.

ராத்திரி ஒரு சிக்கல். திருப்பரங்குன்றம் பக்கம் நட்டிருந்த செடிகள் அந்தி தாண்டியும் மொட்டாகவே இருந்தன. இடைவெளி விட்டு ஓடிப் பூவை விரிய வைக்கும் விதிகளை எஞ்சின் ஆளைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும்தான் நடத்துகிறது. தூரத்தில் எல்லாம் உறைந்து நிற்கும். பழைய லேப்டாப்பில் ஆட்டம் ஓடுவதே இந்தச் சிக்கனத்தால்தான். "ஆளே இல்லாத தோட்டத்துல பூ எதுக்கு விரியணும்?" என்று கேட்டாள். பறிக்க ஆள் வராத தோட்டத்துக்குத்தான் நஷ்டம், அது தெரிய வேண்டாமா? ஒரு பகுதி நினைவகத்தில் ஏறும்போதே மணியைப் பார்த்துச் செடியைத் திருத்தும் இன்னொரு விதியைச் சேர்த்தோம். இப்போது தாமதமாகப் போனால் தோட்டமே விரிந்து கிடக்கிறது.

மே 9, வெள்ளி

தேரோட்டம். மாசி வீதி மூலையில் தேர் திரும்புவதைப் பார்த்துவிட்டு வந்து, ஆட்டத்தில் தேர் வேண்டாம் என்று அவளே சொன்னாள். பிளாக்கில் கட்டியது நகராது; நகர வேண்டுமென்றால் தனி உருவமாக எழுத வேண்டும். அடுத்த லீவுக்கு.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் நசுங்கி வீட்டுக்கு வந்ததும் வைகையைப் பற்றி வாக்குவாதம். ஆட்டம் தானாக உருவாக்கும் ஆறுகளில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். "வைகையில தண்ணி வேணாம் அத்தை, மணலப் போடு." திருவிழாவுக்கு அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரைத்தான் அவள் ஆற்றில் பார்த்திருக்கிறாள்; அதனால் சித்திரையில் மட்டும் ஓட வேண்டுமாம்.

சாதாரணத் தண்ணீர் இந்த ஆட்டத்தில் வற்றாது. இரண்டு ஊற்றுப் பிளாக்குக்கு நடுவில் மூன்றாவது தானே பிறந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. அது அப்படிப் பெருகுவதில்லை, ஊற்றை எடுத்தால் வடிந்துவிடும். அதைத்தான் பயன்படுத்தினோம். செல்லூர் கரையில் ஒரு மதகு வைத்திருக்கிறாள், திறந்தால் ஓடும், மூடினால் மணல். என்னைக் கேட்டால் இதுவரை கட்டியதில் மதுரைக்கு மிக அருகில் வந்தது 52 பிளாக் கோபுரம் இல்லை, இந்தக் காய்ந்த ஆறுதான்.

மே 15, வியாழன்

வீதிப் பெயர்களைத் தமிழில் எழுதப் போனால், எழுத்துருவை மாற்றிக் கொடுத்தும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் பகுதி இந்த எஞ்சினில் இல்லை. பெயர்ப் பலகைகளைப் படமாக வரைந்து ஒட்டிவிட்டோம். ஒவ்வொரு வீதிக்கும் ஒரு படம். வேலைதான், ஆனால் 'மேல மாசி வீதி' பிழையில்லாமல் நிற்கிறது.

நிரலுக்கு எம்ஐடி உரிமம், படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று எழுதி வைத்தாயிற்று. உரிமம் எழுதாத மாட்டை யாரும் சட்டப்படி மாற்றிப் பகிர முடியாது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேண்டியவர்கள் எங்கள் மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பறிக்கும் நேரத்தை மட்டும் உங்கள் ஊர்த் தோட்டக்காரரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பின் முதல் வரியில் இருக்கிறது.