மாணவர் வழக்குத் தொடுக்கலாமா?

‘மாதா, பிதா, குரு, தெய்வம்’ என்னும் வரிசையில் ஆசிரியரைத் தெய்வத்திற்கும் முன்னே நிறுத்திய சமுதாயம் நம்முடையது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், “கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றபடி எப்படி வேண்டுமானாலும் அடித்துத் திருத்துங்கள்” என்று ஆசிரியரிடம் சொல்லிச் செல்லும் தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். அச்சொல்லில் பிள்ளையின்பால் அன்பு உண்டு. ஆசிரியர்பால் நம்பிக்கையும் உண்டு. அந்நம்பிக்கை முறியும்போது மாணவன் யாரிடம் செல்வான்? கற்பிக்க வேண்டியவரே துன்புறுத்தினால் அவன் நீதிமன்றப் படி ஏற இயலுமா? வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி இவ்வினாவை நம்மிடம் கேட்ட மாணவர் பலர். ஏறலாம் என்பதே விடை. எந்நிலையில், எவ்வழியில் என்பதைச் சற்று விரித்துரைப்பது நம் கடமையாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. வீட்டுப்பாடம் எழுதாத மாணவனைக் கடிந்துகொள்வதும், ஒழுங்கு தவறியவனின் பெற்றோரை அழைத்துப் பேசுவதும் ஆசிரியரின் பணியில் அடங்கியவை. ஒழுக்கத்தின் பொருட்டு மாணவனைக் கண்டித்தமை மட்டுமே ஆசிரியரைத் தற்கொலைத் தூண்டுதல் குற்றத்திற்கு ஆளாக்காது என 2021-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சட்டம் ஆசிரியருக்குப் பகையன்று. உடலைக் காயப்படுத்துவதும், சாதியையோ மதத்தையோ வறுமையையோ சுட்டிப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவதும், அச்சுறுத்திப் பணியவைப்பதுமே கொடுமை எனப்படும். சட்டம் கை நீட்டுவது ஈண்டுத்தான்.

முற்காலச் சட்டம் பிரம்புக்கு ஓரளவு இடம் தந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் இசைவோடு நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்றது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 89-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 27-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் இப்பிரிவு நிற்கும் தளம் சுருங்கிக்கொண்டே வந்திருப்பதைக் காண்கிறோம். தில்லிப் பள்ளிக் கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு வழிவகுத்த பகுதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாதென நீக்கியது. தமிழக அரசு 2003-இல் கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, திருத்துதல் என்னும் பெயரால் மாணவரின் உடலுக்கோ உள்ளத்திற்கோ வலி தருவதைத் தடைசெய்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எக்குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ ஆளாக்கலாகாது என்றும், மீறுவோர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்றும் கூறுகிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதனினும் வலியது. தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்கியோ வேறு வகையிலோ தேவையற்ற உடல், மனத் துன்பத்திற்கு ஆளாக்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ அதன் 75-ஆம் பிரிவு விதிக்கிறது. குழந்தையின் பராமரிப்பும் பாதுகாப்பும் ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தின் ஊழியரோ நிருவாகியோ அதனைச் செய்தால், தண்டனை ஐந்தாண்டு கடுங்காவல் வரையும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் வரையும் உயரும். பாலியல் துன்புறுத்தலாயின் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உண்டு. அதனை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் நிறுவனத்தின் பெயரைக் காக்க மூடி மறைக்கும் தலைமைப் பொறுப்பாளரும் அச்சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறைக்கு உரியவராவார்.

இங்கே நம் சமுதாயப் பெரியோர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மறு ஆய்வுக்குரியது எனக் கருதிய இரு நீதிபதிகள் அமர்வு, 2025 செப்டம்பரில் அதனைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. இதனைக் கொண்டு, “அடிக்கக் கூடாது என்னும் சட்டம் நமக்கில்லை” என்று எண்ணுவோர் சிலர். அஃது பிழையான எண்ணம். இளைஞர் நீதிச் சட்டத்திற்கும், போக்சோ சட்டத்திற்கும், குற்றவியல் சட்டத்திற்கும் சிறுபான்மை, பெரும்பான்மை என்னும் வேறுபாடு இல்லை. நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிருவகிக்கும் உரிமையாகாது என்பதைக் கேரளக் கல்வி மசோதா குறித்து 1958-இலேயே உச்ச நீதிமன்றம் உணர்த்தியிருக்கிறது. அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு நமக்குத் தந்த உரிமை, நம் பிள்ளைகள் அஞ்சாது பயில வேண்டும் என்பதற்காகத் தந்த உரிமையன்றோ?

சட்டம் இவ்வளவு இருந்தும் முறையீடுகள் எழாமைக்குக் காரணம் அச்சம். சில ஆண்டுகளுக்கு முன் பீடி சுற்றிப் பிழைக்கும் தாயொருவர் நம் இல்லத்திற்கு வந்தார். எட்டாம் வகுப்புப் பயிலும் அவருடைய மகனின் விரல்களை ஆசிரியர் ஒருவர் மர அளவுகோலால் அடித்திருந்தார். பேனாவைப் பிடிக்க இயலாதபடி வலக்கை வீங்கியிருந்தது. மனு எழுதித் தரும்படி வேண்டிய அவ்வம்மையார், நாம் தாளை எடுத்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்: “பையன் பேரைப் போடாம எழுத முடியுமா சார்? டி.சி. குடுத்து அனுப்பிட்டா நான் எங்கே போவேன்?”

அடியின் வலியைவிட அச்சத்தின் வலியே அவ்வினாவில் மிகுந்திருந்தது. பெயரில்லாத மனு குப்பைக் கூடைக்குத்தான் செல்லும் என்பதை எடுத்துச் சொல்லி, நிகழ்ந்த நாளையும் நேரத்தையும் குறித்து, அரசு மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைத்துப் பெயருடனேயே எழுதினோம். மனு பள்ளிக்குச் சென்ற மறுநாளே பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். “நம்ம பள்ளிக்கூடத்து மேலே நாமே புகார் கொடுக்கலாமா?” என்பது அவர் கேள்வி. “அடிபட்டவனும் நம்ம பிள்ளைதானே பாய்?” என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவரே அத்தாயுடன் பள்ளிக்குச் சென்றார். தாளாளர் விசாரித்தார், ஆசிரியர் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தார், சிறுவன் அதே வகுப்பில் தொடர்ந்து படித்தான். வழக்கு எழவில்லை. வழக்குத் தொடுக்க வழி உண்டு என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தமையே அதனைத் தீர்த்தது என்பது நம் துணிபு.

வழி யாது எனின், காண்போம். புகாரை எழுத்தில் தந்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகை வாங்க வேண்டும். காயம் இருப்பின் அன்றே அரசு மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும். பள்ளி செவிசாய்க்கவில்லையெனில் கல்வி அதிகாரியிடமும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிடலாம். 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. குற்றம் நிகழ்ந்திருப்பின் காவல் நிலையத்தில் புகார் தரலாம். அங்கே பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன்பின் குற்றவியல் நடுவரை அணுகலாம். இழப்பீடு கோரி உரிமையியல் வழக்கும் தொடுக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் தாமே வழக்காட இயலாது. பெற்றோரோ காப்பாளரோ அவர் சார்பில் தொடுக்க வேண்டும். சிறுவயதில் நேர்ந்த தீங்கிற்கான காலவரம்பு அவர் பதினெட்டு வயதை அடைந்த பின்னரே எண்ணப்படும். வழக்கறிஞருக்குத் தரப் பணமில்லையே எனக் கலங்க வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் தந்தால் போதும்.

கல்லூரி மாணவர்க்கும் வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, கல்லூரிதோறும் மாணவர் குறைதீர்க்கும் குழு இயங்க வேண்டும். சான்றிதழ்களைத் தர மறுத்தல், பாகுபாடு காட்டுதல், மதிப்பீட்டில் முறைகேடு செய்தல் முதலியவற்றை அதன்முன் வைக்கலாம். அதன் முடிவில் நிறைவில்லையெனில் பதினைந்து நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகக் குழு உண்டு. மூன்று மாதங்களுக்குள் அதனிடம் புகார் தர வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உரிமையை அறிந்தவர் அதனை ஆயுதமாக வீசலாகாது. மதிப்பெண் குறைந்த சினத்தால் பொய்ப்புகார் தருவோர், உண்மையாகவே துன்புற்ற மற்றொரு மாணவனின் சொல்லையும் நம்பத்தகாததாக ஆக்கிவிடுகிறார்கள். உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள். உங்கள் பெயரிட்டு எழுதுங்கள்.

ஆசிரியப் பெருமக்களும் நிருவாகத்தாரும் செய்யத்தக்கவை எளியவையே. குறைதீர்க்கும் குழுவினரின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். புகார் தந்த மாணவனின் மாற்றுச் சான்றிதழிலோ அகமதிப்பீட்டு மதிப்பெண்ணிலோ கை வைக்கப்பட மாட்டாது என்று கல்வியாண்டின் முதல் நாளிலேயே அவையில் அறிவியுங்கள். வந்த மனுவுக்கு எழுத்தில் விடை தாருங்கள். இம்மூன்றும் உள்ள நிறுவனத்தின் மாணவருக்கு நீதிமன்றத்தின் தேவை பெரும்பாலும் நேராது. நேரினும் அந்நிறுவனம் அங்கே தலைநிமிர்ந்து நிற்கும்.