பேர் யாருடையது?

தி. நகர் ரங்கநாதன் தெருவில் நுழைந்து உஸ்மான் சாலை வழியாகப் பனகல் பூங்கா வரை நடந்தால் எத்தனை சரவணா கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். சரவணா ஸ்டோர்ஸ், சூப்பர் சரவணா, லெஜண்ட் சரவணா, சரவணா செல்வரத்தினம். எல்லாம் ஒரே குடும்பத்தின் கிளைகள். இதற்கிடையில் இட்லி விற்கும் சரவண பவன் வேறு. சாப்பாட்டு சரவணனுக்கும் துணிக்கடை சரவணனுக்கும் பொதுவானவர் முருகன் மட்டும்தான்.

இந்த ஊரில் கடைக்குப் பேர் வைக்க மூன்று வழிதான். சாமி பேர், ஊர்ப் பேர், வீட்டுப் பெரியவர் பேர். வணிகக் குறிச் சட்டத்துக்கு (1999) இந்த மூன்றுமே தலைவலி. ஊர்ப் பேரை ஒருவருக்கு எழுதிக் கொடுக்க 9-வது பிரிவு தயங்கும். ஜனங்கள் அந்தப் பேரைக் கேட்டதும் அந்தக் கடையைத்தான் நினைக்கிறார்கள் என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. அடையாறு ஆனந்த பவன் நெடுஞ்சாலை நெடுகப் போர்டு மாட்டியிருப்பதால் 'அடையாறு' அவர்கள் சொத்தாகிவிடாது. புனித நூல்களின் பேர்களும் கஷ்டம்தான். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பேரைத் தனக்கே தர வேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-இல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மிச்சம் பெரியவர் பேர். அதில்தான் என் சித்தி மாட்டிக்கொண்டாள்.

சித்தி வீடு மயிலாப்பூர் சித்திரைக்குளம் பக்கம். 2012 நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களுக்குப் பருப்புப் பொடியும் புளியோதரைத் தொக்கும் பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரமே காசு கொடுத்து வாங்க ஆள் வந்தார்கள். பாட்டிலுக்கு மாமியார் பேரை வைத்தாள், ஏனென்றால் பக்குவம் அவருடையது. பேரை இங்கே எழுத மாட்டேன், விவகாரம் இன்னும் முடியவில்லை. 2022-இல் நாலு பக்க வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே பேரை ஒரு கம்பெனி 2017 முதல் பயன்படுத்துகிறதாம், பதிவும் செய்திருக்கிறதாம். பதினைந்து நாளில் லேபிளை எல்லாம் அழித்துவிட்டு நஷ்ட ஈடும் தர வேண்டுமாம்.

"என் மாமியார் பேரை நானே திருடிட்டேங்கறான் பாரு" என்றாள் சித்தி. பயத்தை விடக் கோபம்தான் அதிகம்.

அவளிடம் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருந்தது, உத்யம் சான்றிதழ் இருந்தது. பேரும் அதிலேயே பதிவாகிவிட்டது என்றுதான் அவள் மட்டுமில்லை, நான் பார்த்த முக்கால்வாசி சின்னத் தொழில்காரர்களும் நினைக்கிறார்கள். முதலாவது, சாப்பிடுகிற பொருள் விற்கிறீர்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதற்கு. இரண்டாவது, நீங்கள் சிறுதொழில் செய்கிறீர்கள் என்பதற்கு. கம்பெனி பதிவு செய்தால்கூட அது கம்பெனியின் பேர்தான், சரக்கின் பேர் அல்ல. சரக்கின் பேருக்குக் கிண்டியில் இருக்கும் வணிகக் குறிப் பதிவகம். அங்கேயும் பொடி 30-வது வகுப்பு, ஊறுகாய் தொக்கு 29-வது வகுப்பு. சின்னத் தொழிலுக்கு ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய். ஒரே அடுப்பில் வேகிற இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்.

மந்தைவெளியில் ஒரு வக்கீலிடம் போனோம். சொந்தப் பேரை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துபவரைத் தடுக்க முடியாது என்று 35-வது பிரிவு சொல்கிறது. தனக்கு முன்பு அந்தத் தொழிலை நடத்தியவர் பேருக்கும் அது பொருந்தும். "உங்க மாமியார் வித்தாங்களா?" என்று கேட்டார். இடித்தார், வறுத்தார், ஊருக்கே கொடுத்தார். விற்கவில்லை. வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். ஐம்பது வருஷ சமையல், சட்டத்தின் கண்ணில் தொழிலே இல்லை.

பிறகு அவர்தான் இருட்டுக்கடை வழக்கைச் சொன்னார். நெல்லையப்பர் கோயில் எதிரே, மங்கிய வெளிச்சத்தில் அல்வா விற்ற கடைக்கு ஜனங்களே வைத்த பேர் அது. அதே பேரோடு 'திருநெல்வேலி' சேர்த்து இன்னொருவர் பதிவே வாங்கிவிட்டார். இரண்டு பேரிடமும் பதிவு. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்னதாகப் பயன்படுத்தியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதிவு புதிதாக உரிமையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். முந்திப் பயன்படுத்தியவரைப் பிந்திப் பதிந்தவர் தடுக்க முடியாது என்று 34-வது பிரிவும் சொல்கிறது.

ஆக, 2017-க்கு முன்னால் சித்தி அந்தப் பேரில் விற்றாள் என்று காட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். மாடவீதி வியாபாரத்தில் பில் ஏது? "மாமி, அரைக்கிலோ" என்று படியேறி வருபவர் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போவார். வெளிநாட்டுக்குப் போனதெல்லாம் யாராவது ஊருக்குப் போகும்போது பெட்டியில் போனது. புடவை பீரோவைக் கவிழ்த்தோம். ஆர்டர் எழுதிய நோட்டுகள் கிடைத்தன, பாதிப் பக்கங்களில் பால் கணக்கு. தேதியில் கிழமை இருக்கிறது, வருஷம் இல்லை. வக்கீலுக்கு அது போதவில்லை. கடைசியில் உதவியது 2013-இல் ஐந்நூறு லேபிள் அடித்த அச்சக ரசீது, பெங்களூருக்கு அனுப்பிய கூரியர் சீட்டுகள், 2014-இல் ஒரு உறவுக்காரப் பெண் ஃபேஸ்புக்கில் போட்ட சாப்பாட்டுத் தட்டு. தட்டின் ஓரத்தில் பாட்டில், பாட்டிலில் பேர்.

பதில் நோட்டீஸுக்கான ஃபீஸ் இரண்டு மாதப் பொடி லாபம். எனக்கு உறுத்துவது இதுதான். சட்டம் சித்தி பக்கம் இருக்கிறது என்பது நோட்டீஸ் அனுப்பிய வக்கீலுக்குத் தெரியாதா? தெரியும். இப்படி ஒரு கடிதம் வந்தால் பத்தில் எத்தனை பேர் பயந்து பேரை மாற்றிவிடுவார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அது வழக்கு இல்லை, வியாபாரம். அவர்கள் பதிவை ரத்து செய்யச் சொல்லி நாமே போகலாம். அதற்கென்று தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருந்த மேல்முறையீட்டு வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். இப்போது பதிவாளர், இல்லையென்றால் உயர் நீதிமன்றம். சித்தி வேண்டாம் என்றாள்.

எங்கள் பதிலுக்குப் பிறகு அந்தக் கம்பெனியிடமிருந்து சத்தமில்லை. சித்தி தன் பேரில் விண்ணப்பித்திருக்கிறாள். ஏற்கெனவே இதே பேர் பதிவில் இருக்கிறது என்று ஆட்சேபம் வந்திருக்கிறது, எதிர்பார்த்ததுதான். விசாரணைக்குக் காத்திருக்கிறோம். பதிவு கிடைக்காமல் வட்டத்துக்குள் 'ஆர்' போடக்கூடாது. 'டிஎம்' என்று போட யாருடைய அனுமதியும் வேண்டாம். புது லேபிளுக்கு அச்சகத்தில் கேட்டார்கள், போடவா என்று.

"அதுக்குக் காசு உண்டா?" என்றாள் சித்தி.

இல்லை என்றேன்.

"அப்ப கொஞ்சம் பெரிசாவே போடச் சொல்லு."